யாருடைய படம்?

வேற்றுமைகளுள் ஆறாவதுதான் ஆளை மிகவும் ஏமாற்றுவது என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. 'முருகனுடைய படம்' என்றால் முருகன் எடுத்த படமா, முருகனை எடுத்த படமா, முருகன் விலை கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கும் படமா? மூன்றையும் ஒரே சொல்லுருபு தாங்கி நிற்கிறது. இலக்கண மாணவனுக்கு இது சுவையான மயக்கம். மோட்டார் பந்தயங்களைப் படமெடுத்து விற்று வாழ்பவருக்கோ இது வயிற்றுப்பாட்டுச் சிக்கல்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், படிப்பு முடிந்ததும் காமிராவுடன் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகத் தொடங்கினார். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்கள் 1990 இல் அங்கே அமைந்த ஓடுபாதைக்கு இடம் மாறியதை அறிந்தவர்கள் நம்மில் சிலரேனும் இருப்பார்கள். ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் வளைவுகளில் நின்றுதான் அவர் தொழில் கற்றார். கடன் வாங்கி நீண்ட லென்ஸ் ஒன்றையும் வாங்கினார். ஓட்டுநர்களுக்குப் படங்களை அச்சிட்டு விற்பதும் இதழ்களுக்கு அனுப்புவதும் அவருடைய பிழைப்பு.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாநிலத்துப் பந்தயத்தில் அவர் எடுத்த படம் ஒன்று ஓர் எண்ணெய் வணிகரின் நாட்காட்டியில் வந்திருந்தது. பணமும் வரவில்லை, படத்தின் கீழ்ப் பெயரும் இல்லை. அமைப்பாளர்கள் தந்த படம் என்றார் வணிகர். அமைப்பாளர்களோ, அனுமதி அட்டை பெறுவதற்காக இவர் கையெழுத்திட்டிருந்த தாளின் நகலை அனுப்பிவைத்தார்கள். போட்டியில் எடுக்கும் படங்களின் பிரதியை ஒப்படைக்க வேண்டும், அவற்றின் உரிமை அமைப்பாளரைச் சேரும் என்று அதில் இருந்தது. அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வந்தார். "எடுத்தது நான்தானே ஐயா?" என்பது அவர் கேட்ட ஒரே கேள்வி.

நான் வழக்கறிஞன் அல்லன். ஆயினும் சொற்றொடரைப் பிரித்துப் பொருள் காண்பது என் தொழில். வழக்கறிஞராக இருக்கும் நண்பரின் துணையோடு தாளையும் சட்டத்தையும் படிக்கத் தொடங்கினோம்.

முதல் வியப்பு, பந்தயம் என்னும் காட்சி எவருக்கும் உடைமையாகாது என்பது. இங்கிலாந்தில் நாய்க் கண்காட்சி ஒன்றைப் படமெடுக்கும் தனியுரிமையை அதன் அமைப்பாளர்கள் ஒரு செய்திப்பட நிறுவனத்துக்கு விற்றார்கள். வேறொருவர் உள்ளே போய்ப் படமெடுத்தார். அவை ஓர் இதழில் வெளிவந்தன. 1916 இல் வழக்கை விசாரித்த நீதிமன்றமும் 1917 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், காட்சியைப் படமெடுப்பது விற்கத்தக்க சொத்தன்று என்று கூறிவிட்டன. நுழைபவர்களுக்கு நிபந்தனை விதித்திருந்தால் அது வேறு கதை. சிட்னியில் குதிரைப் பந்தயத் திடலை அடுத்த நிலத்தில் மேடை கட்டி, அங்கிருந்து வானொலிக்கு வருணனை சொன்னார்கள். 1937 இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அதையும் தடுக்க மறுத்தது. நம் நாட்டிலும், ஒரு மனிதருக்கு அவருடைய அடையாளத்தின்மீது உள்ள உரிமையை ஒரு விளையாட்டு நிகழ்வு தனக்கென்று கோர முடியாது என 2003 இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு கிரிக்கெட் வழக்கில் கூறியது.

அப்படியானால் அமைப்பாளரின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? வாசலிலிருந்து வருகிறது. நிலம் அவர் கையில் இருக்கிறது. யாரை எந்த நிபந்தனையில் உள்ளே விடுவது என்பது அவர் விருப்பம். நுழைவுச்சீட்டின் பின்புறத்துச் சிற்றெழுத்தும், செய்திப்படக்காரர் கழுத்தில் தொங்கும் அட்டைக்கான படிவமும் ஒப்பந்தங்களே. பார்வையாளர் தம் நினைவுக்காகப் படமெடுக்கலாம், விற்கக் கூடாது என்பதும், அனுமதி பெற்ற படக்காரர் செய்திக்குத் தரலாம், விளம்பரத்துக்குத் தரக் கூடாது என்பதும் பெரும் பந்தயங்களில் பொதுவான நிபந்தனைகள்.

இனி, எடுத்தவரின் உரிமை. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். பொதுவாக முதல் உரிமையாளரும் அவரே. ஆனால் 17 ஆம் பிரிவு விலக்குகளை வைத்திருக்கிறது. ஓர் அணி பணம் கொடுத்து, தனக்காகப் படமெடுக்கச் சொன்னால், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அந்த அணிக்குப் போய்விடும். 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் புகைப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கக்கூடிய சொத்தை, வாசலில் வரிசை நகரும் அவசரத்தில் ஒரு கையெழுத்தில் கொடுத்துவிட முடிகிறது.

நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கும் கிரயம் செய்து கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். உரிமம் தருவது குத்தகை. உரிமை மாற்றம் கிரயம். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19 ஆம் பிரிவு. கால அளவு குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு; எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும். என் மாணவர் கையெழுத்திட்ட தாளில் இரண்டுமே இல்லை. அவர் முகம் அன்று முதன்முறையாகச் சற்றுத் தெளிந்தது.

படத்தில் இருப்பவருக்கும் உரிமை உண்டு. லோதர் மோட்சன்பாக்கர் என்னும் பந்தய ஓட்டுநரின் கார் இடம்பெற்ற படத்தை அமெரிக்கச் சிகரெட் நிறுவனம் ஒன்று தொலைக்காட்சி விளம்பரத்தில் பயன்படுத்தியது. காரின் எண் 11 என்பதை 71 ஆக மாற்றியிருந்தார்கள். அவர் முகமும் தெரியவில்லை. ஆயினும் அந்தக் காரின் தனித்த வெள்ளைக் கோடுகளே அவரை அடையாளம் காட்டக்கூடியவை என்று கருதி, 1974 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய வழக்குக்கு இடம் தந்தது. ஒருவர் பெயரையோ உருவத்தையோ இசைவின்றி விளம்பரத்தில் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்பதை, நக்கீரன் இதழ் தொடர்பான 1994 ஆம் ஆண்டு வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே செய்தியோடு வெளியாகும் படம் வேறு, அதே படம் எண்ணெய் டப்பாவின்மேல் ஒட்டப்படுவது வேறு. பின்னதற்கு எடுத்தவரின் உரிமத்தோடு ஓட்டுநரின் இசைவும் வேண்டும். படத்தில் தெரியும் முத்திரைகளுக்கு உரியவர்களையும் கேட்டுக்கொள்வது நல்லது. மறுபுறம், தம் படத்தின் அச்சுப்பிரதியை விலைக்கு வாங்கிய ஓட்டுநர் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். 'என் படம்தானே' என்று சட்டையில் அச்சடித்து விற்க இயலாது. வாங்கியது தாளை மட்டுமே.

இவ்வளவும் படித்தபின் எனக்கு மீண்டும் ஆறாம் வேற்றுமைதான் துணைக்கு வந்தது. அதன் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாக வகுப்பர். கை தற்கிழமை, பிரிக்க இயலாதது. வீடு பிறிதின்கிழமை, கைமாறக்கூடியது. பதிப்புரிமை வீட்டைப் போன்றது. ஆனால் 57 ஆம் பிரிவு கையைப் போன்ற ஒன்றைக் காக்கிறது. பதிப்புரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்த பின்னும், 'இது என் ஆக்கம்' என்று கோரும் உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது. அமர்நாத் சேகல் என்னும் சிற்பி, விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தம் படைப்புக்காக அரசோடு வழக்காடி 2005 இல் வென்றது இந்தப் பிரிவின் வலிமையால்தான்.

வழக்குச் செலவு லென்ஸின் விலையைத் தாண்டும் என்று நண்பர் சொன்னதால் என் மாணவர் நீதிமன்றம் போகவில்லை. 57 ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மடல் மட்டும் எழுதினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அதே வணிகரின் நாட்காட்டியில் அவருடைய இன்னொரு படம், பெயரோடு வந்தது. இப்போதெல்லாம் படிவத்தில் 'உரிமை மாற்றம்' என்பதை அடித்து 'செய்திப் பயன்பாட்டுக்கு உரிமம், ஓராண்டு' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். சிலர் ஏற்கிறார்கள். ஏற்காத இடங்களில், உள்ளே போவதா வேண்டாமா என்பதைத் தெரிந்து முடிவு செய்கிறார்.

பந்தயம் நமக்குத் தொலைவானதுதான். ஆனால் நம் அலமாரியில் உள்ள நூல்களின் பின்னட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். எழுத்தாளர்களின் முகங்கள் எல்லாம் நமக்குப் பழக்கம். அவற்றுள் எத்தனை படங்களின் கீழே எடுத்தவர் பெயர் இருக்கிறது?