எடைக்குப் போகாத வண்டி



"பழைய பட்டுப்புடவை, பழைய ஜரிகை வாங்குவது" என்று கூவிக்கொண்டு செல்வோரைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். எங்கள் காஞ்சிபுரத்தில் அந்தக் குரல் எட்டாத தெருவே இல்லை எனலாம். அவர்கள் வாங்குவது புடவையை அன்று. அதனுள் இருக்கும் வெள்ளியை. பட்டு நூலின்மீது மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசியதே ஜரிகை. புடவையை எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். அதை எடைபோட்டு விலை சொல்வார்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, இருவர் தறியில் அமர்ந்து நாடாக்களை மாற்றி மாற்றி ஓட்டிக் கோர்வை போட்ட உழைப்பு அந்தத் தராசில் ஏறுவதே இல்லை.

அதே தராசு 2018-ஆம் ஆண்டு ஒலிமுகம்மது பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது. மர்ஹூம் என் அத்தா 1974-இல் ஒரு மருத்துவரிடமிருந்து வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கே நின்றுகொண்டிருந்தது. 1967-இல் தயாரானது, இரண்டு கதவு வண்டி. அதில்தான் அத்தா புடவைகளை அடுக்கிச் சென்னைக் கடைகளுக்குக் கொண்டுசெல்வார்கள். 1998-க்குப் பிறகு அது ஓடவில்லை. "மச்சான், இரும்பு விலை நன்றாக இருக்கிறது. காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார் என் மைத்துனர். காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகர்களால்தான் பழைய இரும்புக் கடைக்கு இப்பெயர் வந்தது என்பர். எந்தப் பழம்பொருளில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கணிக்கத் தெரிந்த கூட்டத்தாரின் பெயர், எறிவதற்கான இடத்தின் பெயராகிவிட்டது வியப்புத்தான்.

ஆள் வந்து பார்த்தார். கண்ணாடி, ரப்பர், இருக்கை நீங்கலாக இவ்வளவு கிலோ, இவ்வளவு ரூபாய் என்றார். கணக்கில் தவறில்லை. பட்டுக் கூட்டுறவுச் சங்கமொன்றில் முப்பதாண்டுகள் கணக்கெழுதிய எனக்கு அது தெரியும். ஆயினும் அந்தத் தொகையைக் கேட்ட கணத்தில் எரியும் புடவைதான் என் நினைவுக்கு வந்தது. வண்டியைக் கொடுக்கவில்லை.

இளைய தலைமுறை வாசகர்களுக்கு ஹெரால்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட கார் இது. வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் சென்னைக்கு அருகே, வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூர்ப் பகுதியில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற தொழிற்சாலையில் அது உருவாகி வந்தது. அம்பாசடரும் பியட்டுமே கார் என்றிருந்த காலத்தில், தமிழ் மண்ணில் தயாரான கார் ஹெரால்டு. பின்னர் அதன் வழியில் கெசல் வந்தது. கடைசியாக 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டி வந்து விலை போகாமல் நொடித்தது. 1988-இல் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. வாலாஜாபாத் வழியாக வண்டலூர் செல்லும் சாலையில் போகும்போதெல்லாம், "நம் வண்டியின் தாய்வீடு இந்தச் சாலையின் முடிவில் இருக்கிறது" என்பார்கள் அத்தா.

ஷார்ஜாவில் பணிபுரியும் என் அண்ணன் மகன் அங்குள்ள பழைய கார் அருங்காட்சியகத்தைக் கண்டு வந்தவன். "பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. உலகில் எல்லோரும் முஸ்டாங்கையும் போன்டியாக் ஜி.டி.ஓ.வையும் புதுப்பிக்கிறார்கள். தாங்கள் இதைப் போய்..." என்று சிரித்தான். அவன் சொன்னவை 1964-இல் அமெரிக்காவில் வெளிவந்த வண்டிகள். மஸ்கில் கார் என்ற வகைக்கே பேர்போனவை. அந்த ஜி.டி.ஓ.வின் இன்ஜின் 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். எங்கள் ஹெரால்டின் இன்ஜின் 948 சி.சி.; முதலில் வந்த ஆங்கில ஹெரால்டுக்கு ஏறக்குறைய 35 குதிரைத்திறன்தான். ஒப்பிட்டால் நகைப்புக்கிடமே. ஆனால் டிட்ராய்ட் நகரத்தவர் தம் ஊரில் பிறந்ததைப் பேணுகிறார்கள். நாமும் நம் ஊர்ப் பக்கத்தில் பிறந்ததைத்தானே பேண முடியும்?

பேணுவதற்கு ஹெரால்டு மிக வசதியான வண்டி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பானெட் பக்கவாட்டுத் தகடுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். இன்ஜின் முழுவதும் கண்முன் திறந்து கிடக்கும். முன் டயரின்மீதே அமர்ந்துகொண்டு வேலை செய்யலாம்! மற்ற கம்பெனிகள் உடலையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாக வார்க்கத் தொடங்கிவிட்ட காலத்தில், இதற்குத் தனி சேஸிஸ். அதன்மேல் உடல் பல துண்டுகளாக போல்ட்டு போட்டு இணைக்கப்பட்டது. காரணம் வேடிக்கையானது. அந்த நிறுவனத்துக்கு முழு உடல் செய்துகொடுத்து வந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. எனவே பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து கோக்க வேண்டியதாயிற்று. அன்றைய நெருக்கடி இன்று நமக்கு நன்மை: ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் கழற்றலாம்.

இனி வேலைக்கு வருகிறேன். பழைய வண்டிக்கு முதல் பகை துரு. அது வெளியே தெரியும் இடத்தில் இருப்பதைவிடத் தெரியாத இடத்தில்தான் அதிகம் இருக்கும். ஹெரால்டில் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும், டிக்கியின் கீழே செல்லும் பகுதியும் முதலில் அரிக்கும். சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மண்பானை உடைந்ததுபோல் மந்தமாக ஒலிக்கும். நாங்கள் முதலில் கொடுத்த பட்டறையில் வண்டி பதினான்கு மாதங்கள் கிடந்தது. திரும்பி வந்தபோது பளபளத்தது. தட்டிப் பார்த்தால், ஓட்டைகளில் துணியைத் திணித்து மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தார்கள்! பிரேக் பிடிக்கும்போது உயிரைத் தாங்க வேண்டிய இரும்பு அது. கொடுத்த பணத்தைவிட அந்த நெஞ்சழுத்தந்தான் எனக்கு வருத்தம் தந்தது. பிறகு ஊரிலேயே ஒரு வெல்டரும், வயதான டிங்கரிங் மிஸ்திரி ஒருவரும் கிடைத்தார்கள். அரித்த பகுதியை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை மடித்து வைத்துப் பற்றவைத்தார்கள். அந்த வேலை பார்வைக்குத் தெரியாது. அதற்குத்தான் செலவில் பெரும்பகுதி போயிற்று.

இன்ஜினைப் பற்றி எல்லோரும் ஒரே அறிவுரை சொன்னார்கள்: "பாய், மாருதி இன்ஜினைப் பொருத்திவிடுங்கள், தொல்லையே இராது." நடைமுறையில் அது மெய்தான். பலரும் செய்கிறார்கள். எனினும் நான் இணங்கவில்லை. தோலை மட்டும் வைத்துக்கொண்டு உயிரை மாற்றினால் அதற்கு ஹெரால்டு என்று பெயர் எதற்கு? புதுப்பேட்டைச் சந்துகளிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் நானும் என் மூத்த மகனும் பல சனிக்கிழமைகள் அலைந்தோம். கிடைக்காதவற்றை லேத்தில் கடைந்துகொண்டோம்.

இங்கே பெட்ரோலின் கதையையும் தாங்கள் அறிய வேண்டும். அக்காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். அது நம் மூச்சுக்கு நஞ்சு. ஆனால் இன்ஜினில் வால்வு வந்து அமரும் விளிம்பில் மெல்லிய பூச்சாகப் படிந்து அதைத் தேயாமல் காக்கும். 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் நின்றது, நல்லதே நடந்தது. எனவே பழைய இன்ஜினைத் திறக்கும்போதே கடினமான உலோக வளையங்களை அந்த விளிம்பில் பொருத்திவிடுவது நலம். இப்போதோ பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்துக் கரைக்கும். குழாய் கசிந்தால் சூடான இன்ஜின்மீது பெட்ரோல் சொட்டும். விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்கள் கிடைக்கின்றன, விலையும் பெரிதன்று. பழைய வண்டி வைத்திருப்போர் இதை மட்டுமாவது உடனே செய்துவிடுங்கள்.

இன்னொன்று. ஹெரால்டின் முன்சக்கரம் திரும்பும் இடத்தில் கீழே ஒரு வெண்கல மூட்டு உண்டு. டிரன்னியன் என்பர். அதற்குக் கிரீஸ் வைக்கக் கூடாது. கெட்டியான கியர் ஆயிலே செலுத்த வேண்டும். கிரீஸ் உள்ளே போய்ச் சேராமல் இறுகி நின்றுவிடும். மரையில் நீர் புகுந்து துருவேறும். ஒரு நாள் சக்கரமே மடங்கிவிடும். "எண்ணெய் வை, மசி வைக்காதே" என்று அத்தா மெக்கானிக்கிடம் சண்டை பிடித்தது என் இளம்பருவ நினைவு. புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டார்களா, வண்டலூரில் யாரும் சொன்னார்களா என்று கேட்டுவைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

நிறத்துக்கு வருவோம். வண்டி வெளிறிய நீலம். ஐம்பதாண்டு வெயில் அதைச் சாம்பலாக்கிவிட்டது. உண்மை நிறம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. டாஷ்போர்டுக்கு அடியிலும் டிக்கி ரப்பர் விரிப்பின் கீழும் வெயில் படாத நீலம் உள்ளங்கையளவு இருந்தது. எங்கள் தெருவில் பட்டுக்குச் சாயம் தோய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து அதைப் பார்த்தார். "காலை வேளையில், வெயில் நேராக விழாத நிழலில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், உலர்ந்தபின் ஒரு நிறம், உலர்ந்ததைத்தான் நம்ப வேண்டும்" என்றார். பெயின்ட் கடைக்காரர் மூன்று முறை கலந்தும் சரிவராத நிறத்தை, நான்காம் முறை இவர் அருகில் நின்று, "இன்னும் ஒரு துளி கறுப்பு" என்று சொல்லிக் கொண்டுவந்தார். நிறத்தோடு வாழ்ந்த கண் அது.

பானெட்டுக்கும் பக்கத் தகடுகளுக்கும் மட்டுமே புது வண்ணம் அடித்தோம். கூரையிலும் டிக்கியிலும் பழைய பெயின்ட்டே இருக்கிறது. மெருகேற்றும் காம்பவுண்டை அளவறிந்து பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் பெயின்ட்டின் மெல்லிய தோல் ஒன்று போகிறது. போனது திரும்பாது. குரோமியம் பூசிய பம்பரில் இலேசான துரு இருந்தால் மணல்தாளை எடுக்காதீர்கள். அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது, கீறாமல் துருவை எடுத்துவிடும். பிரியாணிப் பொட்டலத்தோடு வரும் தாளே போதுமானது. எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை!

என் இல்லத்தரசி இவற்றையெல்லாம் பொறுமையாகப் பார்த்திருந்து ஒரு நாள் கேட்டார்: "இது வீண்விரயம் ஆகாதா?" நியாயமான கேள்வி. தட்டிக் கழிக்கத் தக்கதும் அன்று. மொத்தச் செலவு ஒரு புதிய சிறிய காரின் விலையில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. விற்றால் அது திரும்பி வராது. மகளின் திருமணக் கடன் முழுதும் தீர்ந்த பிறகே தொடங்கினேன் என்பதையும், ஓய்வுக்குப் பின் புதுக்கார் வாங்கும் எண்ணத்தை விட்டேன் என்பதையும் சொன்னேன். கடன் வாங்கிச் செய்யத் தக்க காரியமன்று இது என்பதே என் உறுதியான கருத்து. அவர் அத்தோடு விடவில்லை. "எது வரைக்கும் பழுது பார்ப்பது, எதற்கு மேல் பகட்டு?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இளைய மகன் கேட்டிருந்த பளபளக்கும் சக்கரங்களும் பாட்டுப் பெட்டியும் பட்டியலிலிருந்து நீங்கின. வண்டியை முன்பிருந்ததுபோல் ஆக்கும் செலவு ஒன்று. தெருவார் நம்மைத் திரும்பிப் பார்க்கச் செய்யும் செலவு மற்றொன்று.

2021-இல் மத்திய அரசு பழமைச் சின்ன வண்டிகளுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டியை 20,000 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்யலாம், பத்தாண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே ஓட்டலாம்; அன்றாடப் பயன்பாட்டுக்குக் கூடாது. நாங்கள் அதை நாடவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிச் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வருகிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும், என் உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அது ஓடுகிறது. உம்மா மட்டும் எப்போதும்போல் முன் இருக்கையை மடித்துப் பின்னால்தான் ஏறி அமர்வார்கள். முன்னால் புடவைக் கட்டு இருந்த காலத்துப் பழக்கம்.

பின் இருக்கையைக் கழற்றியபோது அடியில் நான்கைந்து ஜரிகை நுனிகளும் அரக்கு நிறப் பட்டு இழைகளும் கிடைத்தன. எடைபோட்டால் ஒரு குன்றிமணி தேறாது. ஒரு தாளில் மடித்து, வண்டியின் பதிவுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

இன்னும் தீராத வழக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. கூரையின் இடப்பக்கம் ஒரு குழி. 1981-இல் பாவு சுற்றிய உருளையைக் கூரையில் ஏற்றும்போது நெசவாளர் ஒருவரின் கை நழுவியதால் விழுந்தது. அவர் பதறியபோது, "பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றுதான் அத்தா கேட்டார்களாம். அரைமணி வேலை, எடுத்துவிடுகிறேன் என்கிறார் மிஸ்திரி. எடுத்தேயாக வேண்டும் என்கிறான் இளைய மகன். வீண்விரயம் என்று கேட்ட என் மனைவியோ, "அது இருக்கட்டும்" என்கிறார். இப்போதைக்கு அது இருக்கிறது. மழை பெய்தால் அதில் ஒரு கையளவு நீர் நிற்கும். விடிந்ததும் நான் துடைத்துவிடுவேன்.