‘ஏற்காடுக்கு’ப் போக முடியாது!

சேலத்திலிருந்து கிளம்பும் பேருந்து அடிவாரம் தாண்டியதும் வளையத் தொடங்குகிறது. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள்; பெரியவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பார்கள். ஆனால், யாரும் ‘ஏற்காடுக்கு’ப் போக முடியாது, ‘ஏற்காட்டுக்கு’த்தான் போக முடியும். ‘சேலமில்’ பஸ் ஏற முடியாது, ‘சேலத்தில்’தான். வேற்றுமை உருபு வந்து ஒட்டும் முன், பெயர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறது. பாட்டிகள் இலக்கணம் படிக்காமலே இதைச் சரியாகச் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகளோ செல்போனில் ‘வீடுக்கு வரேன்’ என்று தட்டுகிறார்கள். அந்த ‘ட்’ போனால் போகட்டும் என்று விட மனசு வரவில்லை.

சொல்லுக்குப் பின்னால் உருபை ஒட்டும் இந்தப் பழக்கம் துருக்கி மொழிக்கும் உண்டு. நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இரண்டுக்கும் உறவு தேடினார். இன்றைய மொழியியலார் பெரும்பாலும் அதை உறவாக ஏற்பதில்லை. அமைப்பில் ஒற்றுமை, அவ்வளவுதான். ஆனாலும் சுவையான ஒற்றுமை! துருக்கியில் ‘எவ்’ என்றால் வீடு. ‘எவிம்’ என் வீடு. ‘எவிம்தே’ என் வீட்டில். ‘எவிம்தென்’ என் வீட்டிலிருந்து. நமக்கு முன்னால் வரும் ‘என்’, அவர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது.

காபித் தோட்டங்களைக் கடந்து மேலே போனால், 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் குகைக்கோயில். ‘சேர்வராயன் மலை’ என்றாலே சேர்வராயனது மலைதான். ‘அது’ என்ற ஆறாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது. துருக்கியில் உரிமையைச் சொல்ல இரண்டு பக்கமும் முத்திரை வேண்டும். ‘அலீனின் எவி’ என்றால் ‘அலியினுடைய, அவனுடைய வீடு’ என்பதுபோல.

இந்த மலையில் காலங்காலமாக வாழ்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம், பேசுவது தமிழ்தான். மலை, ஆளி: மலையை ஆள்பவர். மலை யாருடையது என்று சொல்ல இங்கே உருபே தேவைப்படவில்லை. மே மாதத் திருவிழாவுக்கு அவர்கள் கூடும் இடமும் அந்தக் குகைக்கோயில்தான்.

மாலையில் இறங்கும் பேருந்தின் படியில் நின்று நடத்துநர் கூவுகிறார்: “சேலம், சேலம்!” உருபில்லாத முதல் வேற்றுமை. உள்ளேயிருந்து ஒரு பாட்டி காசை நீட்டுகிறார்: “சேலத்துக்கு ரெண்டு குடுப்பா.”