பாரத்திற்கேற்ற நடை

தியானப் பகுதி: ஆதியாகமம் 33:12-17



இந்த வாரத் தியானத்தை மோட்டார் சைக்கிளின் ஒரு சிறிய உறுப்பிலிருந்து தொடங்க விரும்புகிறேன். நாள்தோறும் அதன்மேல் ஏறிச் செல்கிறோம். எனினும் அதைக் குனிந்து பார்த்தவர்கள் நம்மில் சிலரே. செயின் மாட்டியிருக்கும் பற்சக்கரத்தைத்தான் சொல்கிறேன். பட்டறையில் அதை ஸ்பிராக்கெட் என்பார்கள்.

எஞ்சினின் பக்கம் சிறிய பற்சக்கரம் ஒன்றும், பின் சக்கரத்தில் பெரிய பற்சக்கரம் ஒன்றும் இருக்கின்றன. பற்களின் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி வேறுபடும். கணக்கு எளிதாக இருக்கும்படி முன்னது 14 பற்கள், பின்னது 42 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னது மூன்று முறை சுழன்றால் பின் சக்கரம் ஒரு முறை சுழலும். இப்பொழுது முன் பற்சக்கரத்தைக் கழற்றிவிட்டு 13 பற்கள் உள்ள ஒன்றை மாட்டினால், பின் சக்கரம் ஒரு முறை சுழல முன்னது ஏறக்குறைய மூன்றேகால் முறை சுழல வேண்டும். அதனால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பங்கு கூடுகிறது. ஆனால் முன்பு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டி, எஞ்சின் அதே அளவு சுழலும்போது இப்பொழுது 74 கிலோமீட்டர் வேகத்திலேயே ஓடும். பின் பற்சக்கரத்தை 42 பற்களிலிருந்து 45 ஆகக் கூட்டினாலும் ஏறக்குறைய இதே பலன்தான். பழைய புல்லட்டில் பின் பற்சக்கரம் பிரேக் டிரம்மோடு ஒன்றாகவே செய்யப்பட்டிருப்பதால், மெக்கானிக்குகள் முன் சக்கரத்தில்தான் கை வைப்பார்கள். "ஒரு பல்லைக் குறைச்சா இழுவை, ஒரு பல்லைக் கூட்டினா ஓட்டம்" என்பது பட்டறைப் பாடம்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல்லைக் குறைப்பதால் எஞ்சினின் ஆற்றல் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எஞ்சின் அதே எஞ்சின்தான். அதன் பலத்தை ஓட்டத்திற்குச் செலவிடுவதா, பாரத்திற்குச் செலவிடுவதா என்பது மட்டுமே மாறுகிறது. இரண்டையும் ஒருங்கே முழுமையாகப் பெற எந்தப் பற்சக்கரத்தாலும் இயலாது.

மலையில்லாத நம் நாட்டில் இழுவை எதற்கு என்று வெளியூரார் கேட்கக்கூடும். சம்பா அறுவடை நாட்களில் களத்திலிருந்து ஈர வரப்பைக் கடந்து சாலைக்கு ஏறுகிற வண்டியைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 40 கிலோ சிப்பம் இரண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு கொள்முதல் நிலையத்திற்குப் போகிறவர்களுக்கு, வாய்க்கால் மதகு ஒவ்வொன்றும் ஒரு மலை. ஓடம்போக்கியாற்றுப் பாலத்தின் ஏற்றம் வெறும் வண்டிக்குத் தெரியாது. பாரம் ஏற்றிய வண்டிக்குத் தெரியும்.

நம் சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அண்மையில் தம் வண்டியில் இந்த மாற்றத்தைச் செய்தார். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். அவர் சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருந்தவர். தகப்பனார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தபின் ஊர் திரும்பினார். இப்பொழுது இருக்கிற சிறிய நிலத்தையும் நான்கு மாடுகளையும் பார்த்துக்கொண்டு, விடியற்காலையில் சுற்றுவட்டார வீடுகளின் பாலையும் சேர்த்து வண்டியின் இருபுறமும் கேன்களில் கட்டிக்கொண்டு போகிறார். தகப்பனாரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் குளிப்பாட்டவும் உரிய நேரத்தில் வீடு திரும்ப வேண்டும். ஒரு மாலை ஆலய வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, பல்லைக் குறைச்சாச்சு. இழுவை நல்லா இருக்கு. ஆனா இனிமே இது எண்பதைத் தொடாது. நானும் அப்படித்தான் ஆயிட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆயினும் அது விளையாட்டுப் பேச்சு அல்ல. கூடப் படித்தவர்கள் வீடு கட்டிவிட்டார்கள். தம்பி குவைத்திலிருந்து கார் வாங்கப் பணம் அனுப்புகிறார். கல்யாண வீட்டிலும் கடைத்தெருவிலும் அவரைக் கண்டவர்கள், "ஏன் தம்பி திரும்பி வந்துட்டே?" என்று கேட்கிறார்கள். தாம் பின்தங்கிவிட்டோமோ என்பதே அந்த உள்ளத்தின் கேள்வி. அவருக்கு மாத்திரமல்ல, நோயுற்ற கணவரைப் பராமரிக்கும் சகோதரிகளுக்கும், சிறப்புக் கவனிப்பு வேண்டிய பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கும் அதே கேள்வி உண்டு. அதற்கு வேதம் தரும் விடையைத்தான் இன்று தியானிக்கிறோம்.

யாக்கோபு இருபது ஆண்டுகள் லாபானின் வீட்டில் உழைத்தபின் தன் தேசத்திற்குத் திரும்புகிறான். நானூறு பேரோடு எதிர்கொண்டு வந்த ஏசா, அவனைத் தழுவி முத்தமிடுகிறான். பிறகு, புறப்படு, நாம் சேர்ந்தே போவோம், நான் உனக்கு முன்னே நடப்பேன் என்னும் கருத்துப்பட அழைக்கிறான். அன்பான அழைப்புதான். ஆனால் யாக்கோபு அதை ஏற்கவில்லை. பிள்ளைகள் இளையவர்கள் என்றும், ஆடுமாடுகள் கறவையாய் இருக்கின்றன என்றும், ஒரே ஒரு நாள் அவற்றை விரட்டி ஓட்டினாலும் மந்தை முழுவதும் மாண்டுபோகும் என்றும் சொல்லுகிறான். மந்தைகளின் கால்நடைக்கும் பிள்ளைகளின் கால்நடைக்கும் தக்கதாய் மெதுவாய் வருவேன் என்பது அவனுடைய தீர்மானம். துணைக்குச் சில ஆட்களை விட்டுப்போவதாக ஏசா சொன்னபோதும் அவன் வேண்டாம் என்றுவிட்டான்.

இந்தப் பிள்ளைகளின் வயதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். முதல் ஏழு ஆண்டுகள் யாக்கோபு மணமாகாமலே உழைத்தான். ஆகவே மூத்தவனான ரூபனுக்கே அப்பொழுது பன்னிரண்டு வயதளவில்தான் இருக்க முடியும். பதினான்காம் ஆண்டின் முடிவில் பிறந்த யோசேப்புக்கு ஏறக்குறைய ஆறு வயது. அந்தச் சிறு கால்களே முழுப் பயணத்தின் வேகத்தைத் தீர்மானித்தன.

அதே அதிகாரத்திற்குச் சற்று முன்னே யாக்கோபு செய்த ஜெபத்தையும் நினைவுகூருங்கள். அன்று கையில் ஒரு கோலோடு மட்டும் யோர்தானைக் கடந்ததையும், இன்று இரண்டு பரிவாரங்களாய்ப் பெருகியிருப்பதையும் அவன் நன்றியோடு அறிக்கையிடுகிறான். ஒரு கோலோடு ஓடினபோது அவனிடம் வேகம் இருந்தது, பாரம் இல்லை. இப்பொழுது பாரம் இருக்கிறது, வேகம் இல்லை. அந்தப் பாரத்தை அவன் சாபமாக எண்ணவில்லை. தேவன் தனக்குக் கிருபையாய் அருளினது என்றே ஏசாவிடம் சொல்லுகிறான். யாக்கோபு மெதுவாய் நடந்ததற்குக் காரணம் அவன் தோற்றுப்போனது அல்ல. ஆசீர்வாதத்தைச் சுமந்து நடந்ததே. யாப்போக்கு ஆற்றங்கரையில் தொடைச்சந்து சுளுக்கியதால் அவனே நொண்டி நடந்தான் என்பதையும் மறக்கலாகாது. தன் உடலிலே பலவீனத்தை அறிந்தவன், பலவீனருடைய நடைக்கு இணங்கக் கற்றுக்கொண்டான்.

சேயீருக்கு வருவேன் என்று சொன்ன யாக்கோபு சுக்கோத்துக்குப் போனானே, இது பழைய தந்திரம் அல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. அது நியாயமான கேள்வியே. வேதம் தன் மனிதர்களின் குறைகளை மறைப்பதில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. அவனுடைய பேச்சில் பழைய யாக்கோபின் சாயல் இருந்திருக்கலாம். ஆயினும் பிள்ளைகளையும் மந்தையையும் பற்றி அவன் சொன்னது பொய் அல்ல. சுக்கோத்தில் அவன் தனக்கு வீடு கட்டினதோடு நில்லாமல், மந்தைகளுக்கும் கொட்டகைகள் போட்டான் என்று வாசிக்கிறோம்.

நம் தஞ்சைத் தரணிக்குச் சுவிசேஷம் வந்த வழியிலும் இதே நடையைக் காண்கிறோம். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, கல்வி கற்ற இளைஞர். வந்தவுடன் பிரசங்கிக்கப் புறப்பட அவருக்கு ஆவல் இல்லாமலில்லை. ஆனால் அவர் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துக்களைக் கற்றார். பிள்ளைகளின் நடைக்கு இறங்கி வந்த அந்த மனிதரின் உழைப்பால் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சிலே வந்தது. பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் அவர் மரித்தார். எஞ்சியதைப் பின்வந்தவர்கள் முடித்தார்கள்.

பிரியமானவர்களே, பற்சக்கரம் கற்பிக்கும் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பாரம் ஏறியபின்னும் பழைய வேகத்தை விடமாட்டேன் என்று பிடிவாதம் செய்யாதிருங்கள். ஓட்டத்திற்கென்று அமைந்த வண்டியில் பெரும் பாரத்தை ஏற்றி மதகில் ஏறுகிறவர், கிளட்சைப் பாதி பிடித்தபடியே எஞ்சினை முறுக்குவார். வண்டி ஏறிவிடும்; உள்ளே கிளட்ச் பிளேட் கருகும். நம்மில் பலர் அப்படித்தான் வாழ்கிறோம். பகலெல்லாம் வேலை, இரவெல்லாம் நோயாளியின் அருகே விழிப்பு, அதற்குமேல் உறவினர் வீட்டு விசேஷங்கள், சபைப் பொறுப்புகள். எதையும் குறைக்க மனமில்லை. வெளியே ஓட்டம் தெரிகிறது. உள்ளே ஆத்துமா கருகுகிறது. ஒரு பல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றை இப்பொழுது செய்ய இயலாது என்று சொல்வது அவிசுவாசம் அல்ல.

இரண்டாவது, இந்த மாற்றம் என்றென்றைக்கும் உரியது அல்ல. பாரமில்லாமல் நெடுஞ்சாலையில் செல்லும்போது, பல் குறைத்த வண்டியின் எஞ்சின் வீணாய் இரையும், பெட்ரோலும் வீணாகும். ஆகவே பாரமில்லாத வாலிபப் பிள்ளைகள் இதைச் சோம்பலுக்குச் சாக்காக எடுத்துக்கொள்ளலாகாது. உங்களுக்கு ஓடும் காலம் இது, ஓடுங்கள். பாரம் சுமக்கிறவர்களுக்கும் கர்த்தர் ஒருநாள் பாரத்தை இறக்கிவைக்கும் காலத்தைத் தருவார். கழற்றி மாட்டக்கூடியதே பற்சக்கரம்.

மூன்றாவது, சிறிய பற்சக்கரத்தைச் சுற்றும்போது செயின் அதிகமாய் வளைகிறது. ஆகவே விரைவில் தேய்கிறது. இழுவைக்கென்று அமைந்த வண்டிக்கு எண்ணெய் அடிக்கடி இட வேண்டும். பாரம் சுமக்கிறவர்களைப் பாராட்டிப் பேசிவிட்டு நாம் கலைந்துபோனால், அவர்கள் சத்தமின்றித் தேய்ந்துபோவார்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி பவுல் அப்போஸ்தலன் கலாத்தியருக்கு எழுதினது இதற்காகவே.

நாம் திருவாரூரில் வாழ்கிறவர்கள். பெரும் பாரம் வீதியிலே அங்குலம் அங்குலமாய் நகர்வதை நம் ஊரார் கண்டிருக்கிறார்கள். ஆழித்தேர் மெல்ல வருகிறதே என்று எவரும் குறை சொல்வதில்லை. வடம் பிடிக்கக் கை போதுமா என்றுதான் பார்ப்பார்கள். மனிதர் சுமக்கும் பாரத்தைக் குறித்தும் நாம் அப்படிப் பார்க்கப் பழக வேண்டாமா? "ஏன் திரும்பி வந்துட்டே?" என்ற கேள்வியை இனி நம் நாவில் எடுக்காதிருப்போம். "நான் என்ன பிடிக்கட்டும்?" என்று கேட்போம்.

ஆகவே ஒரு சிறிய காரியத்தைத் தொடங்குகிறோம். வரும் ஞாயிறு முதல், ஆராதனை நேரத்தில் அந்தத் தகப்பனாரின் அருகே முறைவைத்து இருவர் இருப்பார்கள். மகன் அந்த ஒன்றரை மணி நேரம் கடிகாரத்தைப் பாராமல் கர்த்தருடைய சமுகத்தில் அமர்ந்திருக்கட்டும். இவ்வாறான தேவை உள்ள மற்ற வீடுகளையும் தயங்காமல் எனக்குத் தெரிவியுங்கள். முறையில் சேர விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்தபின் பெண்கள் ஐக்கியத் தலைவியிடமோ என்னிடமோ சொல்லலாம்.

உயிர்த்தெழுந்த நம் ஆண்டவர், எம்மாவுக்குப் போன இரண்டு சீஷரோடு நடந்ததை லூக்கா எழுதுகிறார். மரணத்தை ஜெயித்தவர் அவர்களுக்கு முன்னே விரைந்து போயிருக்கலாம். துக்க முகத்தோடு தளர்ந்து நடந்தவர்களின் நடைக்கு அவர் தம் நடையைக் குறைத்துக்கொண்டார். அவர்களுடைய இருதயம் கொழுந்துவிட்டது அந்த மெதுவான வழியிலேதான். எண்பதைத் தொடாத வாழ்க்கையிலும் அவர் நம்மோடு கூட நடக்கிறார்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, எங்கள் நடைக்கு இறங்கி வந்த உமது குமாரனுக்காக நன்றி செலுத்துகிறோம். பாரம் சுமக்கிற பிள்ளைகள் தங்களைப் பின்தங்கினவர்களாக எண்ணாதபடி தேற்றும். பாரமில்லாதவர்களுக்குப் பிறர் பாரத்தைக் காணும் கண்களைத் தாரும். பிள்ளைகளும் முதியவர்களும் நோயுற்றவர்களும் வழியில் விடப்படாதபடி, எங்கள் சபை முழுவதையும் ஒன்றாய் நடத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.