போன இடம்

ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவரின் பெயரோ வள்ளலின் பெயரோ வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெண் ஒருத்திதான், ஔவையார். 2019 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் போன நாங்கள் நான்கு பேரும் அந்தப் பலகையைப் பார்த்துக் கைதட்டினோம். ஊர் ஊராக நடந்தவள் அவள். நாங்கள் நான்கு வீட்டில் நான்கு பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள். என்னுடையது, காலேஜில் ஸ்பெஷல் கிளாஸ்.

ஏலகிரியின் உச்சி சுவாமிமலை. பெரிய மலை ஏறுகிறவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அதுவே இமயமலை. வனத்துறையிடம் கேட்க வேண்டும் என்பதுகூட அன்று தெரியாது. என் காலில் பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூ. அம்மா இருபது வருஷமாக ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். எந்தெந்த நாட்டுக்காரர்களோ போட்டுக்கொண்டு நடக்கிற ஷூக்கள் அவள் மிஷினைத் தாண்டிப் போயிருக்கின்றன. அவள் மகள் மலையேறுவாள் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

உச்சிப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயில்தான் எச்சரிக்கை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கோடையில் காலையெல்லாம் தரை கொதிக்கும். ஈரக்காற்று மேலே ஏறும். மதியத்துக்குமேல் இடிமேகமாகத் திரளும். இரண்டரை மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. காற்று வந்தது, மண் வாசனை வந்தது, அடுத்து மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் இடித்தது. மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர்.

மொட்டைப் பாறையைவிட்டு உடனே இறங்கியிருக்க வேண்டும். தனி மரத்தடியில் நிற்கக் கூடாது, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது, தாழ்வான இடத்தில் தள்ளித் தள்ளிக் குந்த வேண்டும். இந்தியாவில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள், பெரும்பாலும் வயலில் வேலை செய்கிறவர்கள். இதெல்லாம் இப்போது ஒப்பிக்கிறேன். அன்று நாங்கள் செய்த முதல் காரியம், ஒருத்தியின் பர்தாவை பிளாஸ்டிக் பையில் சுற்றி முடிச்சுப் போட்டது. லைப்ரரிக்குப் போனவள் நனைந்த பர்தாவோடு எப்படி வீட்டுக்குள் நுழைவாள்?

இரண்டாவது காரியம், ஓடியது. "அஞ்சு மணி பஸ்ஸ விட்டா எங்கண்ணன் காலேஜுக்கே வந்து நிப்பான்" என்று அவள் அழுதாள். தண்ணீர் ஓடும் பாறையில், மின்னல் வெட்டும்போது, பஸ்ஸுக்காக ஓடினோம். வழுக்கி விழுந்தவள் நான். கணுக்கால் பிசகியதால்தான் எல்லோரும் நிற்க வேண்டியதாயிற்று. புதர்களுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கம் குந்தினோம்.

அந்த முக்கால் மணி நேரத்தில் சாவை நினைத்தேனா என்றால், நினைத்தேன். அதைவிட அதிகமாக, அதற்குப் பிறகு ஊர் கேட்கப்போகும் கேள்வியை நினைத்தேன். முந்தைய வருஷம், 2018 மார்ச் 11, குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள். 20 பேருக்குமேல் இறந்தார்கள், பெண்கள் பலர். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தீயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?" என்றார்.

1974 ஆகஸ்டில், 7,134 மீட்டர் உயர லெனின் சிகரத்தில் எட்டு சோவியத் பெண்கள் புயலில் சிக்கி இறந்தார்கள். தலைவி எல்விரா ஷதாயெவா. கூடாரங்கள் கிழிந்த பிறகும் அடிவார முகாமோடு ரேடியோவில் பேசிக்கொண்டே இருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் எங்கே இருக்கிறார்கள் என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் வாணியம்பாடியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தோம். உலகத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. வீட்டிலிருந்து கால் வந்தால் காற்றுச் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று நான்கு போனையும் அணைத்து வைத்திருந்தோம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போ என்பதுதான் மலையேறுவதன் முதல் விதியாம். எங்களைக் காப்பதற்காக என்று சொல்லித்தான் வீட்டில் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடுதான் எங்களை அப்படித் தொலைத்து வைத்திருந்தது.

மழை விட்டது. ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர் வழிகாட்டினார். "படிக்கிற பிள்ளைங்க, வானத்தப் பாக்க வேணாமா" என்று திட்டினார். எங்கே போனீர்கள், ஏன் போனீர்கள் என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

வீட்டு வாசலில் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தையல் விட்டிருந்தது, இடுக்கில் செம்மண். "காலேஜ்ல ஏதுடி இந்த மண்ணு?" என்றாள். சொன்னேன். அறை விழும் என்று நின்றேன். கணுக்காலுக்கு வெந்நீர் வைத்தாள். வெகுநேரம் கழித்து, "வந்து சேராம போயிருந்தா எங்கன்னு தேடுவேன்?" என்றாள்.

இப்போது மலைக்குப் போகும்போதெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன்: எந்த மலை, எந்த வழி, யாருடைய நம்பர், எத்தனை மணிக்குத் திரும்புவேன். அம்மா அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைக்கிறாள். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.