பெரம்பலூரிலிருந்து எழும்பூர் வரை

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னைக்கு ரயிலேற வேண்டுமென்றால் முதலில் பஸ் பிடித்து அரியலூர் வர வேண்டும். பருத்தியும் மக்காச்சோளமும் பின்னால் போகப் போக, சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் எதிரே வரும். ரோட்டோரக் கருவேல இலையெல்லாம் வெள்ளைப் புழுதி. ஒரே பெஞ்சில் பிளஸ் டூ படித்த பையன்கள் இருவர் அந்த பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் வருவார்கள். ஊரில் அவர்களுக்குத் தெரு வேறு.

அரியலூர் ஸ்டேஷனில் பெட்டியும் வேறாகிவிடும். ஒருவனுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸில் அப்பா ரிசர்வ் செய்திருப்பார். மற்றவன் அன்ரிசர்வ்டு பெட்டியின் படியோரம். எழும்பூர் சுமார் 265 கி.மீ. உண்மையான சிநேகிதன் விருத்தாசலம் வரைக்குமாவது படியோரம் இருப்பவனோடு வந்து நிற்பான்.

வழியில் செந்துறை. குழுமூர் இந்தத் தாலுகாதான். மூட்டை தூக்கிப் பிழைத்த தலித் ஒருவரின் மகள் அனிதா 2017-இல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். பழைய முறையில் அது டாக்டர் சீட்டு. நீட் நுழைவுத் தேர்வு வந்ததும், கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்தவர்களோடு மோத வேண்டியதாயிற்று. உச்ச நீதிமன்றம் வரை போனார். செப்டம்பர் 1 அன்று இறந்தார்; வயது 17. இதில் ஏழ்மை எவ்வளவு, சாதி எவ்வளவு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதே செந்துறைப் பக்கத்து அங்கனூரிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனவர் விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் திருமாவளவன். பின்னாளில் தமிழ்ப் பெயர் சூட்டும் இயக்கம் நடத்தியபோது அப்பா ராமசாமியையே தொல்காப்பியன் ஆக்கினார். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘தொல்.’ அதுதான்.

நம் பெயரில் சாதி ஒட்டுவதில்லை, இனிஷியல்தான். அதனால் சென்னையில் வீடு தேடினால் வாய்விட்டே கேட்கிறார்கள்.

“சொந்த ஊர் எது தம்பி?”

“அரியலூர் பக்கம் சார்.”

“அரியலூர்ல எங்க? எந்தத் தெரு?”

அட்வான்ஸ் கையில் இருக்கும்போதே பதில் வந்துவிடும்: “சொந்தக்காரங்க கேட்டிருக்காங்க, சொல்லி அனுப்புறேன்.” தன் தெருவை மட்டும் சொல்லி அந்த வீட்டை வாங்கிக்கொள்கிற நண்பனை என்னால் மன்னிக்க முடியாது. இத்தனை வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன் அவன். வேண்டாம் சார் என்று சேர்ந்தே படி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் போய்ச் சேரும் இடம் திருவல்லிக்கேணி மேன்ஷன். அங்கே கேட்பது அட்வான்ஸும் ஆதார் நகலும். ஆதாரில் தெருப் பெயர் அச்சாகித்தான் இருக்கும். வாடகை தேதி தவறாதவரை அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.