கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் – 4: ஹார்ட்ஃபோர்ட்

நியூஹேவனிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வழி நெடுக அண்ணன் மகள் நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டே வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள், ஸ்குவாஷ் ஆடுகிறாள். நம் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர் என்பதால் அமெரிக்கக் கல்லூரி என்றாலே அவளுக்கு ஒரு கண்.

ட்ரினிட்டி கல்லூரி 1823-ல் தொடங்கியது. ‘லாங் வாக்’ எனப்படும் பழுப்புக் கல் கட்டட வரிசை நவம்பர் வெயிலில் கம்பீரமாக நின்றது. சின்னக் கல்லூரிதான். ஆனால் ஸ்குவாஷில் அதன் பெயர் பெரிது. பால் அசையான்டேயின் பயிற்சியில் ஆண்கள் அணி 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 போட்டிகளில் வென்றது. அந்த ஓட்டத்தை நிறுத்தியது, நாங்கள் முந்தின நாள் பார்த்த யேல்.

கோப்பைகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினால் பயணச் செலவு வீண். பெண்கள் அணியின் பயிற்சியைப் பார்க்கத்தான் நேரம் கேட்டிருந்தோம். கல்லூரி ஸ்குவாஷில் ஒன்பது பேரின் ஆட்டம்தான் கணக்கு; ஐந்தில் வென்றால் அணிக்கு வெற்றி. பத்தாவது ஆள் ஆடினாலும் புள்ளி கிடையாது. “அந்தப் பத்தாவது அக்காவிடம் பேசு” என்றேன்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே, முழங்காலில் பட்டை கட்டியபடி அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அடிபட்டு மாதக்கணக்கில் ஆடவில்லையாம். “அப்போது கோச் உங்களோடு பேசினாரா?” என்று இவள் கேட்டாள். “பயிற்சிக்கு வரச் சொல்லி அவர்தான் கூப்பிட்டார். வேதியியல் லேபும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்தால் லேபுக்குத்தான் போவேன். யாரும் முகம் சுளிப்பதில்லை.” நோட்டில் இவள் கோடு போட்டு எழுதிக்கொண்டது இதைத்தான். முதலிடத்தில் ஆடுபவளை எந்தக் கல்லூரியும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்ளும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே கேட்டோம். ட்ரினிட்டி போன்ற மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. யேல், கொலம்பியா போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியை நம்பித்தான் கணக்குப் போட வேண்டும். அதனால் உதவித்தொகை அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வந்தோம். சாப்பாட்டுக் கூடத்தில் அவளைத் தனியாக உட்காரவைத்துவிட்டு நான் தள்ளிப் போய்விட்டேன். நாளைக்கு அங்கே தட்டோடு உட்காரப் போவது அவள்தானே.

மே மாத லீவில் பிள்ளையை அழைத்துப்போக நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கோடை முழுக்க அங்கே வழக்கமான வகுப்பும் இல்லை, அணியும் இல்லை, வெறும் கட்டடம்தான். ஸ்குவாஷ் என்றால் நவம்பரிலோ பிப்ரவரியிலோ, பள்ளியில் அனுமதி வாங்கியாவது போங்கள். கோச்சுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போக வேண்டும்; அதைப் பிள்ளையே எழுதட்டும்.

அடுத்த வாரம் பிராவிடன்ஸ்.