சிற்றிலும் கணினி வீடும்

பெண்பிள்ளைகள் மணலிலே வீடு கட்டி விளையாடுவதைச் சிற்றில் என்று பெயரிட்டுப் போற்றியது தமிழ் இலக்கியம். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் என ஒரு பருவமே உண்டு. தாம் கட்டிய வீட்டைக் காலால் அழிக்க வரும் ஆண்குழந்தையை நோக்கி, அழிக்காதே என்று சிறுமியர் இரந்து நிற்பதே அதன் பொருள். கட்டுபவள் பெண், அழிப்பவன் ஆண், பாட்டுடைத் தலைவனோ அழிப்பவன். பல்கலைக்கழக விரிவுரைகளிலே அப்பாடல்களின் சந்தச் சிறப்புப் பெரிதும் பேசப்பட்டது. கட்டியவளின் பக்கம் நின்று வினா எழுப்பியவர் அரிது.

இன்று சிற்றில் மணலை விட்டுக் கணினித் திரைக்கு ஏறியிருக்கின்றது. உயர்தர வகுப்பு மாணவியர் சிலர் ஓய்வு வேளையெல்லாம் அவ்விளையாட்டிலே கழிப்பதைக் கண்ட சக ஆசிரியர் ஒருவர், "நசிவுப் பண்பாடு" என்று ஒரே சொல்லால் அதனை ஒதுக்கிவிட்டார். ஒன்றை ஆராயாது தீர்ப்புக் கூறுதல் முற்போக்காளர்க்கு ஏற்ற நெறியன்று. ஆகவே, பாடசாலை விடுமுறையிலே இரண்டு கிழமை நானும் அதனை ஆடிப் பார்த்தேன்.

'த சிம்ஸ்' என்பது அதன் பெயர். அதனை உருவாக்கியவர் அமெரிக்கரான வில் றைற். 1991 ஒக்டோபரிலே கலிபோர்னியாவின் ஓக்லாந்துக் குன்றுகளிற் பரவிய பெருந்தீயில் அவருடைய வீடு எரிந்து போயிற்று. இழந்த பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் வாங்க நேர்ந்தபோது, மனிதனுக்கு உண்மையிலே தேவையானவை எவை என்ற சிந்தனை அவருள் எழுந்தது. அச்சிந்தனையும் இவ்விளையாட்டின் வித்துகளுள் ஒன்று. பொம்மை வீட்டு விளையாட்டு என்று அவருடைய நிறுவனத்தார் முதலிலே இதில் ஆர்வங் காட்டவில்லை. 2000 பெப்ரவரியில் வெளிவந்த அது, 2002 இல், அதுவரை கணினிக்கென வந்த விளையாட்டுகள் அனைத்திலும் அதிகமாக விற்பனையானது என்ற நிலையை எய்திற்று. போரையும் பந்தயத்தையுமே பெரும்பாலும் விளையாட்டாக்கி ஆண்பிள்ளைகளுக்கு விற்ற சந்தையிலே, பெண்கள் பெருந்தொகையாக விரும்பி ஆடியது இது. 2014 இல் வந்த நான்காம் பதிப்பின் அடிப்படைப் பகுதி 2022 ஒக்டோபர் முதல் இலவசமாகக் கிடைக்கின்றது. நான் ஆடியது அதனையே.

ஆடும் முறை எளிது. ஓர் உருவத்தை ஆக்கி, முகமும் உடையும் குணமும் கொடுத்து, ஒரு வீட்டிலே குடியேற்ற வேண்டும். தொடக்கத்திற் கையிலே 20,000 சிமோலியன். அது அவ்வுலகின் நாணயம். பசி, உறக்கம், தூய்மை, கழிப்பு, பொழுதுபோக்கு, உறவாடல் என்னும் ஆறு தேவைகள் அளவுகோல்களாகத் திரையிலே நிற்கும். ஒன்றை நிரப்புவதற்குள் மற்றொன்று குறையும். அவர்கள் பேசுவது பொருளற்ற செயற்கை மொழி. எனினும் குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே சினமும் காதலும் நமக்கு விளங்கிவிடுகின்றன. ஆட்டத்தின் கட்டளைகள் பல மொழிகளில் உள்ளன. தமிழ் அவற்றுள் ஒன்றன்று.

மலர் என்று பெயரிட்டு ஒருத்தியை ஆக்கினேன். அவளை ஆசிரியையாக்கவே விருப்பம். ஆனால் இலவசப் பகுதியில் அத்தொழில் இல்லை. 2019 இல் வெளியான, விலை கொடுத்து வாங்க வேண்டிய பல்கலைக்கழகத் தொகுதியிலேதான் கல்வித்துறை உத்தியோகம் உண்டு. இத்தகைய தொகுதிகள் அனைத்தையும் வாங்குவதாயின் ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் வேண்டும். ஆகவே மலரைச் சமையற்றுறையிற் சேர்த்தேன். அதன் முதற்படி, உதவிப் பாத்திரங் கழுவுவோர் பதவி.

இவ்விடத்திலேதான் ஆட்டத்தின் உள்ளியல்பு வெளிப்படுகின்றது. வேலை நேரம் வந்ததும் மலர் வீட்டை விட்டு மறைந்து போகின்றாள். கடுமையாக உழைக்கட்டும் அல்லது ஆறுதலாக இருக்கட்டும் என்று கட்டளை கொடுப்பதோடு நம் பங்கு முடிகின்றது. பின்னர் அவள் களைத்துத் திரும்புகின்றாள். கணக்கிலே கூலி ஏறியிருக்கின்றது. எத்தனை கோப்பை கழுவினாள், முதலாளி யார், கூலியை நிர்ணயித்தவர் யார் என்பன நமக்குத் தெரியா. கூலிக்குக் கழுவிய கோப்பை கண்ணிற் படுவதில்லை. வீட்டிலே கூலியின்றிக் கழுவ வேண்டிய கோப்பை ஒவ்வொன்றும் கண்ணிற் படுகின்றது.

அவள் வாங்கும் கட்டிலும் நாற்காலியும் உடனே தோன்றுகின்றன. அவற்றைச் செய்த தச்சன் இல்லை. சுமந்து வந்தவன் இல்லை. என்னிடம் பயின்ற சிலர் இன்று தையல் ஆலைகளிலே வேலை செய்கின்றனர். அவர்கள் தைத்த சட்டையை அணிபவர்க்கும் அவர்களுடைய நாள் இவ்வாறே மறைந்து போனதன்றோ? கணினி புதிதாக ஒன்றைப் பொய்த்துவிடவில்லை. சந்தை நாள்தோறும் மறைப்பதை அதுவும் மறைக்கின்றது.

இன்னொன்று. கட்டணங் கட்டாவிடின் மலர் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும். பின்னர் தண்ணீரும் நிற்கும். 2022 இல் இந்நாட்டிலே கட்டணத்தை ஒழுங்காகக் கட்டியவர்களும் மணிக்கணக்காக இருளில் இருந்தோம். அவ்வுலகிலோ இருள் என்பது தனியொருவரின் கவலையீனத்துக்குக் கிடைக்கும் தண்டனை மட்டுமே. அங்கே நாட்டுக்குக் கடன் இல்லை, விலைவாசி ஏற்றமில்லை, தொழிற்சங்கமும் இல்லை. எவரும் வெறுங்கையோடு தொடங்குவதுமில்லை.

இவ்வளவும் கூறிய பின் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். மலருக்கு ஒரு கணவன் வாய்த்தான். ஒருநாள், நான் கட்டளையிடாமலே அவன் எழுந்து சென்று கோப்பைகளைக் கழுவினான். இதனை மாணவியரிடம் கூறியபோது ஒருத்தி சிரித்துக்கொண்டு, "ஓம் டீச்சர், அதிலை ஆம்பிளையளும் கேக்காமலே கழுவுவினம். அதுக்காகத்தான் எனக்கு அதிலை விருப்பம்" என்றாள். அச்சிரிப்பை நசிவு என்று தள்ள என்னால் இயலாது. இவ்வேலை பெண்ணுக்குரியது என்ற விதி அந்நிரலில் எழுதப்படவில்லை. வீட்டுவேலைக்கு நேரமும் உடல் வலுவும் செலவாகின்றன என்பதும் அளவுகோலிலே வெளிப்படையாகத் தெரிகின்றது. பாடசாலை முடிந்து வீடு திரும்பி அடுப்படியிலே நிற்கும் எனக்கு, அக்குறைந்து செல்லும் அளவுகோல் அந்நியமாகத் தோன்றவில்லை. தம் வீட்டிலே காணாத சமத்துவத்தைப் பொம்மை வீட்டிலே காணும் பிள்ளைகளுக்கு அது ஏக்கமாகவே நின்றுவிடுமா, கேள்வியாக வளருமா என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

அந்த ஏக்கத்துக்கும் இன்று பெரும் விலையுண்டு. இவ்விளையாட்டை வெளியிடும் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை, சவூதி அரேபியாவின் அரச முதலீட்டு நிதியமும் வேறு இரு முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து 5,500 கோடி டொலருக்கு வாங்கும் உடன்படிக்கை 2025 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டது. சிறுமியரின் சிற்றில் இன்று உலக மூலதனத்தின் கொள்பொருள்.

விளையாட்டைத் தடைசெய்வதால் பயனில்லை. அதனுள் மறைந்திருப்பதைக் கேட்கப் பழக்குவதே ஆசிரியர் செய்யத்தக்கது. விடுமுறை முடிந்ததும், "மலர் வேலைக்குப் போன எட்டு மணித்தியாலம்" என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதுமாறு வகுப்பிலே கூறினேன். பலர் பெரிய விடுதிகளைக் கற்பனை செய்தனர். ஒருத்தி மட்டும், வெங்காயம் நடக் கூலிக்குப் போகும் தன் தாயைப் பற்றி எழுதினாள். குனிந்த முதுகு எத்தனை மணிக்கு நிமிர்கின்றது, அதே தோட்டத்திலே ஆண்களுக்குக் கூலி எவ்வளவு, தாய்க்கு எவ்வளவு என்பதையெல்லாம் தாயிடமே கேட்டு எழுதியிருந்தாள். இத்தனை நாளும் அதனைத் தான் கேட்டதில்லை என்பது அவளுடைய கடைசி வாக்கியம். அக்கட்டுரையை வகுப்பிலே உரக்க வாசிக்கச் செய்தேன். அன்று மணி அடித்த பின்னும் பேச்சு ஓயவில்லை.